இணைய முகவரியும் தாய்மொழி எழுத்தும்

பெயர் என்பது ஒரு பொருளைப் பிறவற்றினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளம். அப்பெயரைச் செவிக்கு அறிவிப்பது ஒலி. கண்ணுக்கு அறிவிப்பது எழுத்து. ஒலிக்கு ஏற்ற எழுத்து அமையாதவிடத்துப் பெயர் தன் தொழிலைச் செய்யத் தவறிவிடும். கலை என்பதும் களை என்பதும் தமிழர் செவியில் இரு வேறு சொற்கள். ஒன்று மனித வாழ்வை உயர்த்துவது. மற்றொன்று வயலிலிருந்து பிடுங்கி எறியப்படுவது. இவ்விரண்டையும் ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பள்ளியும் பல்லியும் அவ்வாறே. ஊரிலுள்ள கலைமன்றம் ஒன்று தன் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதிவைத்தால், அதனைக் களைமன்றம் என ஒருவர் வாசிப்பதற்கும் இடமுண்டு. வாசித்தவர் மேல் குற்றமில்லை. எழுத்தின் மேலேயே குறை.

சிறிய வேடிக்கைபோலத் தோன்றும் இச்செய்தி, இன்றைய உலகில் பெரியதொரு வினாவின் வாயிலாக அமைந்துள்ளது. இணையம் எனப்படும் கணினிப் பெருவலையில், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரியை எந்த எழுத்தில் எழுதலாம் என்பதே அவ்வினா. பல்லாண்டு காலம் இதற்கு ஒரே விடைதான் இருந்தது. அவ்விடை எவ்வாறு மாறியது, மாறிய பின்னும் குறையாக நிற்பது யாது என்பவை அறியத்தக்கன.

இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறியும். தொலைபேசிக்கு இலக்கம் இருப்பதுபோல ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்முகவரி உண்டு. ஆனால் நீண்ட எண்வரிசைகளை மனத்தில் வைத்திருத்தல் மனிதருக்கு அரிது. ஆதலின், தொடக்க காலத்திலேயே கணினிகளுக்குப் பெயரிடும் வழக்கம் தோன்றியது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்ப்பாநெற் என்னும் வலை தொடங்கியபோது, அதிற் சேர்ந்திருந்த கணினிகள் மிகச் சில. அவற்றின் பெயர்களையும் எண்களையும் ஒரே பட்டியலில் எழுதி, கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்திருந்தனர். ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். வலை வளர வளர அப்பட்டியலைப் பேணுதல் இயலாததாயிற்று.

1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். பட்டியல் முழுவதையும் ஓரிடத்தில் வையாது, பலரிடத்தே பகிர்ந்து வைக்கும் முறை அது. ஆள்களப் பெயர் முறைமை என அது வழங்கப்படுகிறது. ஊரறியாத ஒருவர் ஒரு வீட்டைத் தேடிச் செல்லும்போது, முதலில் மாவட்டத்தைக் கேட்டு, பின்னர் ஊரைக் கேட்டு, பின்னர் தெருவைக் கேட்பதுபோல, கணினியும் ஒரு பெயரின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக வினவிச் சென்று உரிய எண்ணைக் கண்டடையும். பகுதிகளைப் பிரித்துக் காட்டுவது புள்ளி. இலங்கைக்குரிய முகவரிகளின் இறுதியில் நிற்கும் எல், கே என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் அவ்வாறு நாட்டைக் குறிப்பன. அவை 1990ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளன.

இம்முறைமை இன்றுவரை உலகம் முழுவதையும் தாங்கி நிற்பது வியப்புக்குரியது. ஆயினும், அதனோடு ஒரு கட்டுப்பாடும் வந்தது. ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகள், 10 இலக்கங்கள், ஓர் இணைகோடு ஆகிய 37 குறிகளால் மட்டுமே பெயரை எழுதலாம் என்பது அது. இவ்விதியை வகுத்தோர் பிற மொழிகளை இகழ்ந்து வகுத்தாரல்லர். அக்காலக் கணினிகள் அஸ்கி எனப்படும் குறிமுறையைக் கையாண்டன. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியமமாக்கப்பட்ட அக்குறிமுறையில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கங்கள், நிறுத்தக் குறிகள் ஆகியவற்றோடு அவ்விடங்கள் நிறைந்துவிட்டன. தமிழுக்கோ அரபுக்கோ சீனத்துக்கோ அங்கே இடம் ஏது? வீடு கட்டியவர் தம் குடும்பத்தின் அளவுக்கே அறைகளை அமைத்தார். பின்னர் ஊரே அங்கு குடிவந்தது.

இக்கட்டுப்பாட்டினால் முதலில் இடர்ப்பட்டோர் ஆங்கிலத்தைப் போன்றே உரோம எழுத்தைக் கையாளும் ஐரோப்பியர் ஆவர். அவர்தம் எழுத்துகளின் மேலும் கீழும் குறிகள் பல உண்டு. அக்குறிகள் அணிகலன்கள் அல்ல, பொருளைத் தாங்குவன. பிரெஞ்சு மொழியில் மீனவரைக் குறிக்கும் சொல்லும் பாவியைக் குறிக்கும் சொல்லும் முதல் உயிரெழுத்தின் மேல் இடப்படும் குறியினாலேயே வேறுபடுகின்றன. அக்குறியை மாற்றிவிட்டால், கடலுக்குச் சென்று உழைப்பவர் பாவமன்னிப்புக் கேட்கவேண்டியவர் ஆகிவிடுவார். ஜேர்மன் மொழியில் அழகிய என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து உயிரெழுத்தின் மேலுள்ள இரு புள்ளிகளை எடுத்துவிட்டால், ஏற்கெனவே என்னும் பொருளுடைய வேறு சொல் பிறக்கும். தமிழிலே புள்ளியின் அருமை தெரிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஐரோப்பியர் நிலை இதுவாயின், உரோம எழுத்தையே கையாளாத மக்களின் நிலை இன்னும் இடர் மிகுந்தது. அவர்கள் தம் பெயரை எழுதும்போது குறியொன்றை இழப்பதில்லை. பெயர் முழுவதையுமே வேற்றுடையில் மறைக்கவேண்டியிருந்தது. தளத்தின் உள்ளே சென்றால் செய்தி தாய்மொழியில் இருக்கும். வாயிலில் தொங்கும் பலகையோ அயல்மொழி எழுத்தில் இருக்கும். தாய்மொழி மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர் அவ்வாயிலை எவ்வாறு கண்டுகொள்வது?

எழுத்துக்கும் கருவிக்கும் இடையே எழுந்த இத்தகைய பிணக்கு இதுவே முதன்முறை அன்று. தந்தி தோன்றிய காலத்தில் சீனரும் இதே இடரைக் கண்டனர். புள்ளியும் கோடுமாகச் செல்லும் தந்திக் குறி, சில பத்து எழுத்துகளுக்கே போதும். பல்லாயிரம் எழுத்துருக்களையுடைய சீன மொழிக்கு அது எவ்வாறு உதவும்? 1872ஆம் ஆண்டில் விகியே என்னும் பிரெஞ்சுக்காரர் சங்காயில் ஒரு குறிநூலை வெளியிட்டார். ஒவ்வொரு சீன எழுத்துக்கும் நான்கு இலக்கம் கொண்ட ஓர் எண்ணை அந்நூல் வகுத்தது. அனுப்பும் எழுதுவினைஞர் எழுத்தை எண்ணாக்குவார்; கம்பியின் வழியே எண் செல்லும்; பெறுபவர் எண்ணை மீண்டும் எழுத்தாக்குவார். கம்பி மாறவில்லை, கருவி மாறவில்லை, ஆயினும் சீனம் அவற்றின் வழியே சென்றது. ஏறத்தாழ 130 ஆண்டுகளின் பின், இணையத்தின் இடர் தீர்ந்ததும் இத்தகைய வழியினாலேயே ஆகும்.

அத்தீர்வுக்கு முன்னர் மற்றொரு பணி நிறைவேறவேண்டியிருந்தது. உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் கணினியில் தனித்தனி எண் கொடுக்கும் பணி அது. யுனிகோட் என்னும் அத்திட்டத்தின் முதற்பதிப்பு 1991ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குறிகள் உள்ளன. எழுத்துக்கு எண் கிடைத்த பின்னரே, முகவரியில் அவ்வெழுத்தை எவ்வாறு எழுதுவது என்னும் ஆராய்ச்சிக்கு வழி பிறந்தது.

1996ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் டூர்ஸ்ட் என்பார் இதற்கான முதல் முன்மொழிவை எழுதினார். 1998ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தான் தின் வீ தலைமையிலான குழுவினர் அதனைச் செயலிற் காட்ட முற்பட்டனர். அறிஞர் முன் இரண்டு வழிகள் இருந்தன. உலகெங்கும் பெயர் தேடித் தரும் சேவையகங்கள் யாவற்றையும் மாற்றி, எல்லா எழுத்தையும் ஏற்குமாறு செய்வது ஒரு வழி. பழைய 37 குறிகளையே வைத்துக்கொண்டு, புதிய எழுத்துகளை அவற்றின் உள்ளே பொதிந்து அனுப்புவது மற்றொரு வழி. முதல் வழி நேரானது. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சில்லுகளைக் கழற்றி மாற்றுவது போன்றது. ஆதலின், இரண்டாம் வழியே தேர்ந்துகொள்ளப்பட்டது.

2003ஆம் ஆண்டில் அடம் கொஸ்ரெலோ என்பார் வகுத்த பியூனிகோட் என்னும் குறிமுறை நியமமாக்கப்பட்டது. ஒரு பெயரிலுள்ள எழுத்துகளின் எண்களையும் அவை நிற்கும் இடங்களையும் கணக்கிட்டு, அக்கணக்கினை ஆங்கில எழுத்துகளாலும் இலக்கங்களாலும் சுருக்கி எழுதுவது அதன் வேலை. இவ்வாறு மாற்றப்பட்ட பெயர் என்பதற்கு அடையாளமாக எக்ஸ், என் என்னும் இரு எழுத்துகளும் அவற்றையடுத்து இரண்டு இணைகோடுகளும் முன்னே நிற்கும். நூல்கள் எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லாகிய பூஹர் என்பதில், இரு புள்ளி பெற்ற யூ எழுத்து ஒன்று உண்டு. அச்சொல்லை மாற்றும்போது, அவ்வெழுத்தை நீக்கிய எஞ்சிய எழுத்துகள் பீ, சீ, எச், ஈ, ஆர் என வரிசையாக நிற்கும். பின்னர் ஓர் இணைகோடு. அதன் பின் கே, வீ, ஏ என்னும் மூன்று எழுத்துகள். நீக்கப்பட்ட எழுத்து எது, அது எவ்விடத்தில் இருந்தது என்னும் இரண்டையும் அம்மூன்று எழுத்துகளே சொல்லிவிடும்.

தமிழ்ப் பெயரில் எஞ்சி நிற்பதற்கு ஆங்கில எழுத்து எதுவுமில்லை. ஆகவே முழுப் பெயரும் மாறிவிடும். இலங்கை என்னும் பெயர் இலக்கணப்படி நான்கு எழுத்து. கணினிக்கோ அது ஆறு குறிகள். ஙகரமும் அதன் மேற்புள்ளியும் தனித்தனி; ககரமும் ஐகாரக் குறியும் தனித்தனி. அவ்வாறு குறிகளையும் பியூனிகோட்டில் எழுதினால், எக்ஸ், என் என்னும் முன்னடையாளத்தின் பின், எக்ஸ், கே, சீ, 2, ஏ, எல், 3, எச், வை, ஈ, 2, ஏ என வரும். இதனை நாவால் உரைத்தலும் அரிது. நினைவில் நிறுத்தலும் அரிது. ஆனால் மனிதர் அதனைக் காணவேண்டுவதில்லை. மனிதர் இலங்கை எனத் தட்டுவர். மேலோடி எனப்படும் மென்பொருள் அதனை மாற்றி அனுப்பும். விடை வந்ததும் மீண்டும் இலங்கை என்றே காட்டும். சீனத் தந்தியில் எழுதுவினைஞர் செய்த பணியை இங்கே மென்பொருள் செய்கிறது.

வழி கிடைத்ததும் நாடுகள் பயன்கொள்ளத் தொடங்கின. 2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆந் திகதி ஜேர்மனியின் பெயர்ப் பதிவகம் 92 புதிய எழுத்துகளுக்கு இடங்கொடுத்தது. எனினும், எஸ்ஸெற் எனப்படும் ஜேர்மன் எழுத்தொன்று அதிற் சேரவில்லை. 2003ஆம் ஆண்டின் விதி அவ்வெழுத்தை இரண்டு எஸ் எழுத்துகளாக மாற்றிவிட்டது. ஜேர்மன் மொழி வல்லோர் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பர். 2010ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டபின், அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே அவ்வெழுத்துக்கு இடம் கிடைத்தது. ஓர் எழுத்துக்கு ஆறு ஆண்டுக் காத்திருப்பு. எழுத்தைப் பற்றிய விதிகளை வகுக்கும் அவையில் அம்மொழியை அறிந்தோர் இருத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

இத்தனை நடந்த பின்னும் ஒரு பெருங்குறை நின்றது. முகவரியின் முற்பகுதி தாய்மொழியில் அமையலாம். கடைசிப் புள்ளியின் பின் வரும் பகுதியோ ஆங்கில எழுத்திலேயே இருந்தது. அரபு மக்கள் வலமிருந்து இடமாக எழுதுவோர். அவர்கள் பெயரை அரபில் எழுதி, இறுதியில் விசைப்பலகையை மாற்றி, எதிர்த்திசையில் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டவேண்டியிருந்தது. இணையப் பெயர்களின் உச்சப் பட்டியலைப் பேணும் ஐகான் என்னும் நிறுவனம் 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தென்கொரியாவின் சியோல் நகரிற் கூடியபோது, நாட்டுப் பெயர்களையும் தாய்மொழி எழுத்தில் எழுத இசைந்தது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகள் அரபு எழுத்தில் தம் பெயரைப் பெற்றன. அடுத்து இரஷ்யா சிரில்லிக் எழுத்தில் தன் பெயரைப் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் பொதுமக்களுக்குப் பதிவு திறந்துவிடப்பட்டபோது, சில நாள்களுள் இலட்சக்கணக்கான இரஷ்யப் பெயர்கள் பதிவாயின. தாய்மொழிப் பெயருக்கு வேட்கை உண்டோ என ஐயுற்றோர்க்கு அதுவே விடையாயிற்று.

இலங்கையும் இவ்வரிசையில் முன்னணியில் நின்றது என்பது மகிழ்ச்சிக்குரியது. 2010ஆம் ஆண்டிலேயே இந்நாட்டின் பெயர் சிங்கள எழுத்தில் ஒன்றும் தமிழ் எழுத்தில் ஒன்றுமாக இரு வடிவத்தில் உச்சப் பட்டியலில் ஏறியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் அரசகரும மொழியாகிய தமிழ், இணையத்தின் உச்சியிலும் தன் எழுத்தோடு நிற்கும் உரிமையைப் பெற்றது. 2011ஆம் ஆண்டில் சிங்கப்பூரும் இந்தியாவும் தம் பெயரைத் தமிழ் எழுத்திலும் பெற்றன. இவ்வாறு மூன்று நாடுகளின் பெயர்கள் தமிழெழுத்தில் அப்பட்டியலில் உள.

எல்லா நாட்டுக்கும் இவ்வாய்ப்பு எளிதில் வாய்த்துவிடவில்லை. பல்கேரியா நாட்டார் சிரில்லிக் எழுத்தில் தம் நாட்டைக் குறிக்கும் இரண்டெழுத்துப் பெயரைக் கேட்டனர். அது பிரேசில் நாட்டுக்குரிய இரண்டு உரோம எழுத்துகள் போலத் தோன்றும் எனக் கூறி 2010ஆம் ஆண்டில் மறுத்துவிட்டனர். பல்கேரியர் விடாது முயன்று, 2016ஆம் ஆண்டிலேயே தம் பெயரைப் பெற்றனர்.

அம்மறுப்பு ஒருபுறம் வருத்தந் தருவதாயினும், அதன் பின்னிருந்த அச்சம் பொய்யன்று. வேறு வேறு மொழிகளின் எழுத்துகள் சில, உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். 2001ஆம் ஆண்டில் இஸ்ரேலின் தெக்னியன் நிறுவனத்து மாணவர் இருவர், புகழ்பெற்ற மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் முகவரியில் இரண்டு உரோம எழுத்துகளை நீக்கி, அவற்றைப்போலத் தோன்றும் சிரில்லிக் எழுத்துகளை வைத்து வேறொரு முகவரியைப் பதிந்து காட்டினர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. 2017ஆம் ஆண்டில், அப்பிள் நிறுவனத்தின் பெயரை முழுவதுமே சிரில்லிக் எழுத்தாலமைத்து மற்றோர் ஆராய்ச்சியாளர் மேலோடிகள் சிலவற்றையும் ஏமாற்றிக் காட்டினார். இவர்கள் தீங்கிழைக்க எண்ணியவர்கள் அல்லர், எச்சரிக்கை செய்தவர்கள். ஆனால் வங்கிக் கணக்கைக் கவர நினைக்கும் கள்வர்க்கும் இதே வாயில் திறந்திருக்கும் அன்றோ!

இவ்விடர் தமிழுக்கும் உண்டு. ஔவை என்னும் பெயரின் முதலெழுத்தாகிய ஔகாரம் ஒரே உயிரெழுத்து. அதனையே ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியும் ஒருவர் எழுதலாம். காகிதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது அரிது. கணினியோ இரண்டையும் வெவ்வேறு முகவரியாகவே கொள்ளும். தமிழின் பழைய எண்ணுருக்களில் ஒன்றைக் குறிப்பது ககரத்தையும், எட்டைக் குறிப்பது அகரத்தையும் ஒத்திருப்பதை நேயர்கள் அறிவர். ஒருவர் பெயரிலுள்ள அகரத்தை எடுத்துவிட்டு எட்டினை வைத்தால், பெயர் மாறியதை யார் அறிவார்?

இதற்கு மாற்று மருந்துகளும் உள. ஒரே பெயரில் இருவேறு மொழியெழுத்துகள் ஐயத்துக்கிடமாகக் கலந்திருந்தால், மேலோடிகள் அதனைத் தாய்மொழியில் காட்டாது, எக்ஸ், என் எனத் தொடங்கும் வடிவத்திலேயே காட்டிவிடும். ஒன்றுபோலத் தோன்றும் பெயர்களில் ஒன்றை ஒருவருக்குக் கொடுத்தால், மற்றதைப் பிறருக்குக் கொடாது பூட்டிவைப்பதும் ஒரு முறை. சீனத்துக்கு அதன் பெயரைப் பழைய வரிவடிவத்திலும் எளிமையாக்கிய வரிவடிவத்திலும் சேர்த்தே கொடுத்தமைக்கும் காரணம் இதுவே. கள்வர் வரக்கூடும் என்பதற்காக வீட்டுக்கு வாயிலே வையாது விடுவார் இல்லை. நல்ல பூட்டை வைப்பதே முறை.

இனி, தாய்மொழி முகவரிக்கு எதிராக அறிவுடையோர் கூறும் தடைகள் இரண்டு உள. அவற்றைத் தள்ளிவிடாது ஆராய்தல் வேண்டும்.

ஒன்று, உலகமெல்லாம் ஒரே எழுத்தில் முகவரி இருப்பதன் பயன் போய்விடும் என்பது. தமிழ் அறியாத ஒருவர் தமிழ் முகவரியை எவ்வாறு தட்டுவார் என அவர்கள் வினவுவர். இவ்வினா நியாயமானதே. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரே பெயர்தான் இருத்தல் வேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை. இலங்கையின் தெருப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியில் பெயர் எழுதியிருப்பதனால் எவரும் வழி தவறுவதில்லை; மாறாக, மூவரும் வழி அறிகின்றனர். ஒரே தளத்துக்கு ஆங்கில முகவரியும் தமிழ் முகவரியும் சேர்ந்தே இருக்கலாம். எந்த வாயிலால் வந்தாலும் ஒரே கூடத்தையே அடையலாம்.

மற்றொன்று, இக்காலத்தில் எவர் முகவரியைத் தட்டுகின்றனர் என்பது. தேடற்பொறியில் ஒரு சொல்லை எழுதினால் தளம் தானே வந்து நிற்கின்றதே என்பர். அதுவும் உண்மையே. எனினும், முகவரி வேறு வழிகளாலும் மனிதரை அடைகின்றது. சுவரொட்டியில் அச்சாகின்றது, பாடசாலை அறிவித்தற் பலகையில் எழுதப்படுகின்றது, மருந்துச் சீட்டின் அடியில் நிற்கின்றது, வானொலியில் வாசிக்கப்படுகின்றது. அறிவிப்பாளர் ஒரு முகவரியை ஆங்கில எழுத்துகளாக ஒவ்வொன்றாக உச்சரிக்கும்போது, கிராமத்தில் இருந்து கேட்கும் முதியவர் ஒருவர் பாதியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அதையே தமிழ்ச் சொல்லாக வாசித்தால், செவியில் விழுந்தபடியே எழுதிக்கொள்வார். நெல் விலையை அறிய விரும்பும் உழவருக்கும், ஓய்வூதியப் படிவத்தைத் தேடும் விதவைத் தாய்க்கும் இவ்வேறுபாடு சிறிதன்று. பிறர் துணையின்றி அவர் தாமே வாயிலைத் தட்டுவாரா, பேரப்பிள்ளை வீட்டுக்கு வரும்வரை காத்திருப்பாரா என்பதே அவ்வேறுபாடு.

ஆனால் இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தலாகாது. பெயர் கிடைத்தமை வேறு. பெயர் வழங்குதல் வேறு. இணையத்தில் படிவமொன்றை நிரப்பும் ஒருவர் தமது தமிழ் முகவரியை எழுதினால், இது முறையான முகவரி அன்று எனப் பல தளங்கள் திருப்பிவிடுகின்றன. அத்தளங்களை அமைத்தோர், முகவரி எனின் பழைய 37 குறிகளால் அமைந்ததே என எண்ணிச் சோதனை விதியை எழுதிவிட்டனர். மின்னஞ்சலின் நிலையும் இதுவே. மின்னஞ்சல் முகவரி முழுவதையும் தாய்மொழியில் எழுதுவதற்கான நியமங்கள் 2012ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டன. ஆயினும், அத்தகைய முகவரியை ஏற்காத சேவையகங்கள் இன்னும் பல. இக்குறையைக் களைவதற்காக, எல்லா எழுத்து முகவரிகளையும் எங்கும் ஏற்றல் என்னும் குறிக்கோளோடு 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகளாவிய நாளொன்று முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அடையாள அட்டை கையில் உண்டு. அதனை வாயிற்காவலர் வாசிக்க மறுக்கின்றார் என்பதே இன்றைய நிலை.

இந்நிலை மாறுவதற்குப் பெரும்பொருள் செலவு வேண்டுவதில்லை. மென்பொருள் எழுதும் இளைஞர் தாம் அமைக்கும் படிவங்களைத் தமிழ் முகவரியொன்றால் ஒருமுறை சோதித்துப் பார்த்தல் போதும். அரச அலுவலகங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் தம் ஆங்கில முகவரியோடு தமிழ், சிங்கள முகவரிகளையும் பதிந்து, கடிதத் தலைப்பிலும் பெயர்ப் பலகையிலும் மூன்றையும் எழுதுதல் வேண்டும். பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவர்க்கு, ஆங்கில முகவரி எவ்வாறு இயங்குகிறது என்பதோடு தமிழ் முகவரி எவ்வாறு இயங்குகிறது என்பதையும் ஆசிரியர் ஒரு பாடவேளையிற் காட்டிவிடலாம். கூட்டுறவுச் சங்கம், வாசிகசாலை, கலைமன்றம் ஆகியன தத்தம் பெயரைப் பிழையற்ற தமிழில் பதிந்துகொள்ளலாம். பயன்படுத்துவோர் இல்லாத வாயிலைத் திறந்து வைத்திருக்க எவரும் முன்வரார். பயன்படுத்துவோர் பெருகினால், மூடிய வாயில்கள் தாமே திறக்கும்.

சீன எழுத்துக்கு எண் வகுத்த குறிநூல், தந்திக் கந்தோர்களில் அதனை நாள்தோறும் புரட்டிய எழுதுவினைஞர் கையினாலேயே பயன் தந்தது. எஸ்ஸெற் என்னும் ஓர் எழுத்து, அதனை விட்டுக்கொடாதோர் இருந்தமையாலேயே முகவரியில் ஏறியது. தமிழுக்கு வேண்டிய நியமங்கள் எழுதப்பட்டுவிட்டன. நாட்டின் பெயரும் உச்சியில் ஏறிவிட்டது. எஞ்சியிருப்பது வழக்கு ஒன்றே. வழக்கில் இல்லாத சொல் அகராதியில் உறங்குவதுபோல, வழங்கப்படாத முகவரியும் பதிவேட்டில் உறங்கும். அதனை எழுப்புவது தமிழிற் பெயர் எழுதத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் உரிய கடமை.